உங்களுக்குத் தெரியுமா? மேடு ஏறாத லாரியும் பென்சில் கனத்து ஓஸும்

சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரி, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை ஜோராகத்தான் போகும். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைச்சாலை தொடங்கியதும்தான் அதன் சாயம் வெளுக்கும். போன வாரம் மூன்றாவது கியரில் ஏறிய வளைவில் இந்த வாரம் இரண்டாவதுக்கு இறங்கி, அதிலும் முனகுகிறதா? டிரைவர் உடனே போனை எடுப்பார்.

"அண்ணே, வண்டி இழுக்கல. பம்பு போயிருச்சு போல."

டீசல் பம்புக்கு எப்போதும் இந்தக் கெட்ட பேர்தான். எங்கோ காற்று ஒழுகும், பழி பம்பின் மேல் விழும். அது ஏன் என்பதைத் துணுக்குத் துணுக்காகப் பார்க்கலாம்.

●

ஒரு லிட்டர் டீசல் ஒழுங்காக எரிய வேண்டுமானால் குறைந்தது 10,000 லிட்டர் காற்று தேவை. 200 லிட்டர் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பும் லாரி, அதைக் காலி செய்வதற்குள் 20 லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை விழுங்கியிருக்கும். டீசலுக்கு பில் வருகிறது, கணக்குப் பார்க்கிறோம். காற்றுக்கு பில் இல்லாததால், அது குறைந்தாலும் யாருக்கும் சுருக்கென்று தைப்பதில்லை.

●

டர்போ என்ற லத்தீன் சொல்லுக்குச் சுழல்காற்று, பம்பரம் என்ற இரண்டு பொருளும் உண்டு. லாரியில் இருப்பதற்கு இரண்டுமே பொருந்தும். வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். இந்தத் திணிப்பைத்தான் 'பூஸ்ட்' என்கிறார்கள். நம் வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு 300, 400 சுற்று சுற்றும். லாரி டர்போ லோடில் ஒரு லட்சத்தை எட்டும்.

லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். தேக்கடித் தண்ணீர் அவற்றின் வழியாக வந்து பெரியாறு மின்நிலையத்தின் டர்பைனைச் சுழற்றுகிறது. பக்கத்துச் சாலையில் மூச்சிரைக்க ஏறும் லாரிக்குள் இருப்பது அதன் குட்டித் தம்பி. அங்கே தண்ணீர், இங்கே புகை.

●

வீணாகப் போகும் புகையை வேலை வாங்கலாம் என்று முதலில் காப்புரிமை எடுத்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பியூக்கி. ஆண்டு 1905. நடைமுறையில் அது நிரூபணமாக இருபது ஆண்டுகள் ஆயின. 1920களில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் டர்போ பொருத்தியபோது, 1,750 குதிரைசக்தி தந்துகொண்டிருந்த டீசல் எஞ்சின் 2,500 தந்தது.

அதற்கு முன்பே, 1918இல், அமெரிக்காவில் ஒரு விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். டர்போ இல்லாமல் 230 குதிரைசக்தி, டர்போவுடன் 356. மலை ஏறினால் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், அதற்கு மருந்து இதுதான் என்று உலகம் புரிந்துகொண்டதே ஒரு மலைச்சாலையின் உச்சியில்தான்.

●

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், இன்று நாம் பார்க்கும் டீசல் பம்பைப் பார்த்ததே இல்லை. அவர் காலத்து எஞ்சினில் எண்ணெயை அமுக்கப்பட்ட காற்றைக் கொண்டு ஊதி உள்ளே தள்ளினார்கள். அந்தக் காற்றை அமுக்கும் கம்ப்ரசரே பெரும்பாரம். லாரியில் வைக்க வழியில்லை. டீசல் 1913இல் கப்பல் பயணத்தில் காணாமல் போனார். ராபர்ட் போஷின் நிறுவனம் பம்பைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது 1927இல். லாரிக்குள் டீசல் எஞ்சின் சுகமாக உட்கார்ந்தது அதன் பிறகுதான்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் 'மைகோ பம்பு' என்கிறார்கள். 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. 2008இல் கம்பெனி பெயரை போஷ் என்று மாற்றிக்கொண்டது. பட்டறை மாற்றிக்கொள்ளவில்லை.

●

பம்புக்குள் டீசலை அமுக்கித் தள்ளும் 'எலிமென்ட்'டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியை நீளவாக்கில் இருபதாகக் கிழித்தால் ஒரு கீற்று நுழையலாம். வாஷரும் கிடையாது, ரப்பரும் கிடையாது. டீசலே அதற்கு எண்ணெய். அதனால்தான் டீசலில் தண்ணீர் கலந்தால் முதலில் சாவது எலிமென்ட். முழு லோடில்கூட ஒரு முறை பீய்ச்சுவது சில சொட்டுகள்தான். ஆனால் எஞ்சின் 2,400 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 20 முறை பீய்ச்சியாக வேண்டும்.

●

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். டர்போ உள்ள பல பழைய லாரிகளில், டீசல் பம்பின் மேலோ பின்னாலோ வட்டமாக ஒரு டப்பா இருக்கும். எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து அதற்குப் பென்சில் கனத்தில் ஒரு ஓஸ் அல்லது பித்தளைக் குழாய் வந்து சேரும். வண்டியையே விற்றாலும் உரிமையாளர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

டப்பாவுக்குள் ஒரு ரப்பர் டயாபிரம், கீழே ஒரு ஸ்பிரிங். டர்போ காற்றைத் திணிக்கத் தொடங்கியதும் அந்த அழுத்தம் ஓஸ் வழியாக வந்து டயாபிரத்தை அமுக்கும். டயாபிரம் ஒரு கம்பியை நகர்த்தும். கம்பி நகர்ந்தால், டீசல் அளவைத் தீர்மானிக்கும் பம்பின் ராக் இன்னும் கொஞ்சம் முன்னால் போகலாம், டீசல் கூடும். காற்று வராவிட்டால் கம்பி நகராது. டிரைவர் ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தாலும் பம்பு ஓர் அளவுக்கு மேல் டீசல் தராது.

சுருக்கமாக, 'காத்து வந்துச்சா? அப்ப டீசல் தர்றேன்' என்று கேட்கும் கணக்குப்பிள்ளை அந்த டப்பா. ஓஸ் வெடித்தாலோ, ஓஸைப் பூட்டும் போல்ட்டின் ஊசித்துவாரம் எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்தாலோ, டயாபிரம் கிழிந்தாலோ கணக்குப்பிள்ளைக்குச் சேதி போகாது. டர்போ நன்றாகத்தான் சுற்றும், பம்பும் நன்றாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் மேடு ஏறாது. புகையும் வராது. பம்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, கேலிபிரேஷன் பார்த்து, திரும்ப மாட்டினால்? அதே ஓஸைத்தானே மாட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் வண்டி அதே வளைவில் நிற்கும்.

சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓஸை மேனிஃபோல்டு பக்கம் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். மூச்சு முட்டி நின்றால் ஓஸும் டயாபிரமும் பெரும்பாலும் நலம். விடாமல் காற்று போய்க்கொண்டே இருந்தால் ஓட்டை. அப்படியே மேனிஃபோல்டு பக்கத்துத் துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பையும் பார்த்துவிடலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் வைத்து ஊதிவிடாதீர்கள். நல்ல டயாபிரமும் கிழியும்.

●

அனுபவசாலி மெக்கானிக் போனில் கேட்கும் முதல் கேள்வி, "புகை என்ன கலருப்பா?"

கரும்புகை என்றால் டீசல் போகிறது, காற்று பற்றவில்லை. பம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே பாதி சாட்சி. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் பெரிய ஓஸில் கிழிசல், கிளிப் தளர்வு, டர்போ சக்கரம் இறுக்கம் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகினாலும் கரும்புகை வரும் என்பது உண்மை. ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன் கிளிப்பைத் திருகிப் பார்ப்பதற்குக் காசில்லை.

புகையே இல்லை, இழுவையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை. டீசல் ஃபில்டர், ஃபீடு பம்பு, டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்றுப் புகுதல், ஆக்சிலேட்டர் வயர் முழுசாக இழுக்காமை, கடைசியாக நம் பென்சில் ஓஸ். பம்பைக் கழற்றும் யோசனை இவ்வளவுக்கும் பிறகுதான் வர வேண்டும்.

நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் அடைத்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்து டர்போ வெறும் உறிஞ்சலாக உறிஞ்சினாலும் ஆயில் கசிந்து காற்றோடு போகும். மார்கழிக் காலையில் வண்டி கிளப்பும்போது கொஞ்சநேரம் வரும் வெள்ளைப்புகைக்கு யாரும் பதற வேண்டாம். வண்டி சூடேறிய பிறகும் வந்தால் பதறலாம்.

●

'பூஸ்ட் இல்லை, எனவே டர்போ போச்சு' என்று முடிவுகட்டுவது இன்னொரு அவசரம். டர்போவைச் சுழற்றுவது புகையின் சூடும் வேகமும். டீசல் ஃபில்டர் அடைத்து டீசல் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் டர்போ சோம்பும். டர்போ சோம்பினால் அந்த டப்பா டீசலை மேலும் குறைக்கும். கோழியா முட்டையா கதை. சில நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றியதும் டர்போ 'தானாகச் சரியாகிவிட்ட' அதிசயங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

இதே காரணத்தால் லோடு இல்லாமல் பட்டறை வாசலில் ரேஸ் கொடுத்து பூஸ்ட் பார்ப்பது வீண். பாரம் ஏறினால்தான் டர்போ முழுசாக முழிக்கும். பூஸ்ட் கேஜை மாட்டிக்கொண்டு மலைச்சாலையில் ஒரு நடை போய்வருவதுதான் சோதனை. இந்த விஷயத்தில் தேனிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். போடி, கம்பம், கூடலூர், எங்கிருந்து கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு மெட்டு காத்திருக்கிறது.

●

ஓஸில் ஓட்டை தேட விலையுயர்ந்த கருவி வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்: குழாயின் இருமுனையையும் அடைத்து, உள்ளே லேசாகக் காற்றடித்து, மேலே நுரையைத் தடவினால் ஓட்டை குமிழ்விட்டுக் காட்டிக்கொடுக்கும். ஆறினபோது நன்றாகத் தெரியும் ரப்பர் ஓஸ், சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டும் வாய் திறப்பதும் உண்டு. உள் அடுக்கு உரிந்து தொங்கி, வெளியே பளபளவென்று இருக்கும் ஓஸ்கள்தான் மெக்கானிக்குகளை அதிகம் அழவைப்பவை.

●

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும். டர்போவிலும் அதே கதை. வெயில் நேரத்தில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, அமுக்கப்பட்டு வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்; சிலிண்டருக்குள் குறைவாகத்தான் நுழையும். அதைக் குளிரவைக்கத்தான் ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர். வைக்கோல் ஏற்றிக் கேரளம் போகும் வண்டிகளில் தூசியும் பூச்சியும் சேர்ந்து அதன் இடுக்குகளை மூடிவிட்டால், ஓர் ஓட்டைகூட இல்லாமலே பிக்கப் குறையும். பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினால் பாதி வைத்தியம் முடிந்தது.

●

மலையில் இறங்கும்போது கைகொடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கே ஏறும்போது காலை வாரிவிடும். புகைக்குழாயை அடைத்து எஞ்சினை அடக்கும் தட்டு அது. துரு, கரி, தளர்ந்த ஸ்பிரிங் ஏதோ ஒன்றால் அந்தத் தட்டு முழுசாகத் திறக்காமல் நின்றால், புகை வெளியேற முடியாமல் டர்போ திணறும். நேற்று குமுளியிலிருந்து இறங்கும்வரை நன்றாக இருந்த வண்டி இன்று ஏற மறுத்தால், முதல் சந்தேகம் இதன்மேல் விழுவது நியாயம்.

●

போடிமெட்டு 4,000 அடிக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய ஜீப், ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போகும்போது அதிகம் புகைவது இதனால்தான். பம்பு போடியில் தந்த அதே டீசலை மேலேயும் தருகிறது; காற்றுதான் இல்லை. சில பம்புகளில் இதற்கென்றே வெற்றிடம் அடைத்த உலோகக் குப்பி ஒன்று உண்டு. உயரம் போகப்போக அது உப்பி, டீசலைக் குறைக்கும். 1844இல் பிரெஞ்சுக்காரர் லூசியன் விடி காற்றழுத்தமானிக்காக உருவாக்கிய அதே குப்பிதான். மழை வருமா என்று சொல்ல வந்தது மலை வந்துவிட்டது என்று சொல்கிறது.

இந்த மலைமேல் லாரிக்கு முன்பே சரக்குப் போக்குவரத்து நடந்தது, டீசலே இல்லாமல். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 பெருவெள்ளம் ரயிலை அழித்தது. டாப் ஸ்டேஷனில் பெயர் மட்டும் மிச்சம்.

●

பம்பில் ஈயமுத்திரை வைத்துப் பூட்டிய ஒரு திருகு இருக்கும். முத்திரையை உடைத்து அதைக் கால் சுற்று திருப்பினால் டீசல் கூடும், அன்றைக்கு வண்டி பறக்கும். 'செட்டிங் ஏத்தியாச்சு' என்று பெருமையாகச் சொல்வார்கள். கிழிந்த ஓஸ் கிழிந்தபடியே இருக்கும். காற்றில்லாமல் கூடுதல் டீசல் எரியும்போது புகைச்சூடு எல்லை மீறி, பிஸ்டனும் டர்போவும் வேகும். மைலேஜ் விழும். இழுவைக்காகத் திருகைத் தொடுகிறவரைவிட, 'தொட மாட்டேன், முதல்ல ஓஸைப் பார்ப்போம்' என்று அடம்பிடிக்கும் மெக்கானிக்கைத்தான் நான் நம்புவேன்.

●

மேட்டை ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். டர்போ தண்டு நிற்பது ஆயில் படலத்தின்மேல். எஞ்சினை அணைத்தால் ஆயில் நின்றுவிடும், தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்; தேங்கிய ஆயில் சூட்டில் கரியாகும். ஒரு டீ ஆற்றும் நேரம் ஐட்லிங்கில் விடுங்கள்.

●

டர்போ சீல் மோசமாகப் போனால், எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியை அணைத்த பிறகும் தலைதெறிக்க ஓடும் ஆபத்து உண்டு. டீசலை நிறுத்திப் பயனில்லை. காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கப் போகாதீர்கள், விரல் மிஞ்சாது.

●

மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் ஞாபகம் இருக்கிறதா? 2010 முடிய ஓடியது. அந்தப் பாதை அறிந்த ஒய்டிஎம்-4 எஞ்சினிலும் டர்போதான். ஆறு சிலிண்டர், 1,300 குதிரைசக்திக்கு மேல். நிலையத்தைவிட்டுக் கிளம்பும்போது குபுக்கென்று ஒரு கரிய மேகத்தைக் கக்கும். கோளாறு ஒன்றுமில்லை. டிரைவர் டீசலைக் கூட்டிவிட்டார், டர்போ இன்னும் வேகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். லாரிப் பம்பில் அந்த டப்பாவை வைத்ததே இந்த இடைவெளியில் வரும் புகையை அடக்கத்தான். அந்த மீட்டர்கேஜுக்குப் பதிலாக அகலப்பாதை ரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வந்துசேர்ந்தது.

●

2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 புகைவிதி லாரிகளில் டப்பா, டயாபிரம், பென்சில் ஓஸ் எதுவும் கிடையாது. மேனிஃபோல்டில் கட்டைவிரல் அளவு சென்சார். அது கம்ப்யூட்டரிடம் சொல்ல, கம்ப்யூட்டர் நாசிலிடம் சொல்லும். காற்று குறைந்தால் மஞ்சள் விளக்கை எரியவிட்டு, வண்டியின் வேகத்தைத் தானே கட்டிப்போடும். லேப்டாப்பை மாட்டினால் 'பூஸ்ட் குறைவு' என்று எழுத்தில் வரும். எந்தக் கிளிப் தளர்ந்தது என்று வராது. அதற்குப் பழையபடி சோப்புத் தண்ணீர்தான்.

●

ஃபில்டர் புதிது, ஓஸ் புதிது, டர்போ ஜோர், பம்பும் பெஞ்சில் பாஸ். ஆனாலும் வண்டி இழுக்கவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு பக்கமும் பிரேக் டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அடுப்பாகக் கொதித்தால், இத்தனை நாளும் பிரேக் பிடித்தபடியே மலை ஏறியிருக்கிறீர்கள்.